பிரஸ்ஸுக்குப் பலம் போதவில்லையா, நேர் போதவில்லையா?

கேள்வி சுருக்கமாக இது. பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன யூனிட். அலுமினிய ஹவுசிங்கின் துளையில் வெண்கல புஷ், அதாவது ஷாஃப்ட் சுழல்வதற்கான சின்னக் குழாய், ஏற்றுகிற வேலை. புஷ்ஷின் வெளிவிட்டம் 16 மி.மீ., உள்விட்டம் 12, நீளம் 16. கையில் இருப்பது பழைய 1 டன் ஆர்பர் பிரஸ், கைப்பிடியை இழுத்து அழுத்துகிற வகை. புஷ் கோணலாக ஏறுகிறது, சிலவற்றில் விளிம்பு நசுங்குகிறது. கேட்டவரின் மாமா டெக்சாஸில் இருக்கிறார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் ரீலோடிங் அவருக்குப் பொழுதுபோக்கு. தன் பிரஸ்ஸுக்குச் சொந்தமாகச் செய்து பூட்டிய உருளைக் கைப்பிடி, விளக்கு, தட்டு எல்லாவற்றையும் வீடியோவில் காட்டி, ‘பழைய பிரஸ் ஒன்று சும்மா கிடக்கிறது, அடுத்த முறை கொண்டு வரட்டுமா?’ என்று கேட்டிருக்கிறார். கொண்டு வரச் சொல்லலாமா, இல்லை இங்கே இருப்பதையே அதுபோல மாற்றிக்கொள்ளலாமா, கைப்பிடியை நீட்டினால் போதுமா என்பது கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம். மாமாவுக்கு டெக்சாஸில் அது சாதாரணக் கடைச் சரக்கு. இங்கே அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தோட்டா என்றால் என்ன என்று வரையறுக்கும்போது தோட்டாவோடு நிறுத்தவில்லை. அதன் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் எந்திரத்தையும் அதற்குள் சேர்த்திருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது 5-ஆவது பிரிவில் மாட்டும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது 10-ஆவது பிரிவில் மாட்டும். தேவனஹள்ளி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ‘சார், இதில் நான் புஷ்தான் ஏற்றப்போகிறேன்’ என்று கஸ்டம்ஸ் அதிகாரிக்கு விளக்கம் சொல்லும் நிலை உங்கள் மாமாவுக்கு வர வேண்டாம். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், வழக்கு என்று வந்தால் அது எத்தனை வருடம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படியே சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்றாலும் அது உங்கள் வேலைக்குத் தோதான பிரஸ் இல்லை. பெங்களூரில் இருந்துகொண்டு பிரஸ்ஸுக்கு டெக்சாஸ் வரை போவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான். ஆனால் மாமாவின் வீடியோவைத் தூக்கிப்போட வேண்டாம். அந்த எந்திரத்துக்குள் நாலைந்து நல்ல யோசனைகள் இருக்கின்றன. எந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆர்பர் பிரஸ்ஸில் ராம், அதாவது அழுத்தும் தண்டு, மேலிருந்து கீழே இறங்குகிறது. ரீலோடிங் பிரஸ்ஸில் நேர் எதிர். ராம் கீழிருந்து மேலே ஏறும். பித்தளைக் கூடு ராமின் தலையில் உட்கார்ந்து மேலே போய், ஃபிரேமின் உச்சியில் திருகி வைத்திருக்கும் டை என்ற அச்சுக்குள் நுழையும். அந்த டையின் மரை உலகம் முழுக்க பெரும்பாலும் ஒன்றுதான்: முக்கால் இஞ்சுக்கு அடுத்த 7/8 இஞ்சு விட்டம், இஞ்சுக்கு 14 மரை. ஒரு சுற்றுத் திருப்பினால் டை சுமார் 1.8 மி.மீ. இறங்கும். லாக் ரிங்கை இறுக்கிவிட்டால் அந்த ஆழம் அப்படியே நிற்கும். கழற்றி மறுபடி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்காரும். ஆழத்தை ஆளின் கை தீர்மானிப்பதில்லை, மரை தீர்மானிக்கிறது.

இரண்டாவது, பலம் பெருகும் விதம். ஆர்பர் பிரஸ்ஸில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும், ராமில் நேராகப் பல் வெட்டிய ரேக்கும். கைப்பிடி 400 மி.மீ. நீளம், பினியனின் ஆரம் 16 மி.மீ. என்றால் விகிதம் 25. நீங்கள் 20 கிலோ இழுத்தால், உரசலில் போவதை விட்டுவிட்டால், 500 கிலோ கீழே இறங்கும். ராம் எங்கே இருந்தாலும் விகிதம் மாறாது. ரீலோடிங் பிரஸ்ஸில் இருப்பது முழங்கால் போல மடங்கி நிமிரும் டாகிள் அமைப்பு. நிமிர நிமிரப் பலம் ஏறிக்கொண்டே போகும். சமமான இரண்டு இணைப்புகள் உள்ள டாகிளில் நடு மூட்டை 10 கிலோ விசையில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். இணைப்புகள் நேர்கோட்டுக்கு 30 டிகிரி விலகி இருக்கையில் முனையில் கிடைப்பது 8.7 கிலோதான், போட்டதைவிடக் குறைவு. 10 டிகிரியில் 28 கிலோ. 5 டிகிரியில் 57. 2 டிகிரியில் 143. முழுக்க நிமிரும் இடத்தில் கணக்குப்படி எல்லையே கிடையாது. ஃபிரேம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. அதனால்தான் மாமா வீடியோவில் கடைசியில் கைப்பிடி ‘டக்’கென்று விழுகிறது.

பித்தளைக் கூட்டை அளவுக்கு நசுக்குவதற்கு அது சரி. ஒவ்வொரு கூடும் ஒரே மாதிரி, போகும் தூரமும் ஒன்றே. உங்கள் புஷ்ஷுக்கு அது ஆபத்து. புஷ் கோணலாக நுழைகிறதா என்பது கைக்குத் தெரிய வேண்டிய இடத்தில் டாகிள் அதை மறைத்துவிடும். கோணலாகப் போன புஷ்ஷையும் அது வழவழவென்று அழுத்தி முடித்துவிடும். ஹவுசிங்கை வெளியே எடுத்துப் பார்க்கும்போதுதான் அலுமினியம் வழித்துக்கொண்டு போயிருப்பது தெரியும். ஆர்பர் பிரஸ்ஸில் விகிதம் மாறாததால் புஷ் தடுக்கும்போது அந்தத் தடுப்பு அப்படியே உள்ளங்கைக்கு வரும். அந்த உணர்வை எந்த மாற்றத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ராமின் தலையில் கூட்டைப் பிடிக்கும் ஹோல்டர் இறுக்கமாக இருக்காது. பள்ளத்தில் லேசாக நகரும். அமெரிக்காவின் ஃபார்ஸ்டர் கம்பெனி செய்யும் கோ-ஆக்ஸ் என்கிற பிரஸ்ஸில் டையும் திருகி இறுக்கப்படுவதில்லை. பள்ளத்தில் வழுக்கி உட்கார்ந்து, கொஞ்சம் மிதந்துகொண்டிருக்கும். ஏறிவரும் கூடும் மேலே இருக்கும் டையும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் நூல் பிடித்த மாதிரி நேராக்கி இறுக்கிவிட்டால்தான் துல்லியம் வரும் என்று நம் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. நகரும் திசை நேராக இருக்க வேண்டும், அது சரி. ஆனால் மையம் தானாகச் சேர இடம் விட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வேலையைப் பிடித்து நிறுத்தும் ஜிக்குகளில் பாதி வேலை செய்வதில்லை.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருவோம். கைப்பிடியை நீட்டலாமா என்று கேட்டீர்கள். உங்களுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் தரக் குறியீட்டில் துளை எச்7, புஷ் பி6 என்று வைத்தால் துளை 16.000 முதல் 16.018 வரை, புஷ் 16.018 முதல் 16.029 வரை. அதிகபட்சப் பிடிமானம், அதாவது துளையைவிடப் புஷ் பெரிதாக இருக்கும் அளவு, 0.029 மி.மீ., சராசரியாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 0.015. தாராளமாக 0.02 என்று எடுத்துக்கொண்டு, ஹவுசிங் வெளியே 30 மி.மீ. என்றும் உரசல் 0.15 என்றும் வைத்துப் பார்த்தால் முழு ஆழத்தில் 250 கிலோ அளவுக்கு வரும். மோசமான ஜோடி சேர்ந்து 0.029 ஆனாலும் 360 கிலோ. விகிதம் 25 உள்ள பிரஸ்ஸில் அது கைப்பிடியில் 10 முதல் 15 கிலோ இழுப்பு. பட்டறைப் பையன் ஒரு கையால் செய்யலாம். இதற்கு மேல் பலம் கேட்கிறது என்றால் அந்தப் பலம் புஷ்ஷை ஏற்றுவதற்குப் போகவில்லை. கோணலாக நிற்கும் புஷ்ஷை அலுமினியத்துக்குள் உழவு ஓட்டுவதற்குப் போகிறது.

ஆகவே பைப் போட்டு நீட்டுகிற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். பழைய பிரஸ்ஸில் பைப் மாட்டி இழுப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது, தெரியும். ஆனால் ஃபிரேம் வார்ப்பிரும்பு. எஃப்ஜி 200 என்ற தரம் என்றால் இழுவையில் சதுர மி.மீட்டருக்கு 200 நியூட்டன் வரை தாங்க வேண்டும் என்று பொருள். அமுக்கத்தில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு தாங்கும். சி வடிவ ஃபிரேமில் அழுத்தும்போது வாயின் உட்பக்கம் இழுபடுகிறது, முதுகுப் பக்கம் அமுங்குகிறது. பலவீனமான குணம் எங்கே வேலை செய்கிறதோ அங்கேதான் சுமை. போதாததற்கு வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை தராது. ஒருநாள் சத்தத்தோடு விட்டுவிடும். அதே காரணத்துக்காக ஃபிரேமின் உட்பக்கத்தில் விளக்கு மாட்டவோ ஸ்டாப் வைக்கவோ துளை போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள். சூடேற்றாமல் சாதாரண ராடால் வார்ப்பிரும்பில் வைத்த வெல்டின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும். அது கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். துளை வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் அல்லது அடித்தளம்.

செய்ய வேண்டிய முதல் வேலை ராமின் ஆட்டத்தை எடுப்பது. வீடியோவில் பளபளவென்று தெரியாத வேலை. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

டயல் கேஜை மேக்னெட் ஸ்டாண்டில் மாட்டி, ராமைப் பாதி இறக்கி, மூக்கில் முள்ளை வைத்து, விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மலிவான பிரஸ் என்றால் புதிதிலேயே 0.3, 0.4 மி.மீ. ஆடும். 0.02 பிடிமானத்துக்கு வேலை செய்கிற இடத்தில் 0.4 ஆட்டம்! முன்னால் இருக்கும் மூடித் தகட்டைக் கழற்றி ராமை வெளியே உருவுங்கள். நாலு பக்கமும் மைக்ரோமீட்டரால் மேல், நடு, கீழ் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ராம் தேய்ந்திருப்பது பெரும்பாலும் நடுவில்தான். அங்கேதான் தினமும் ஓடுகிறது. ரேக் பல்லின் ஓரங்களில் தட்டுத்தட்டாகப் பிசிறு இருக்கும், ஆயில் ஸ்டோனால் தேய்த்து எடுங்கள். பிறகு பள்ளத்தின் சுவரில் ப்ளூ என்ற நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, ராமை இறக்கி ஏற்றி, எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். மேல் ஓரத்தில் ஒரு புள்ளி, கீழ் ஓரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று மட்டும் நீலம் ஒட்டினால் ராம் அந்த இரண்டு புள்ளிகளில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேட்டை ஃபைலால் ஒரு இழுப்பு, மறுபடி ப்ளூ, மறுபடி ஒரு இழுப்பு. அவசரப்பட்டால் கெடும். ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் ஸ்கிரேப்பிங், அதாவது மேட்டைச் சுரண்டி மட்டமாக்கும் வேலை, செய்து பழகிய பழைய ஃபிட்டர் யாராவது தெரிந்திருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூப்பிட்டு வந்துவிடுங்கள். அரை நாளில் அவர் செய்வதை நாம் ஒரு வாரம் செய்ய வேண்டும்.

மூடித் தகட்டின் உட்பக்கத்தையும் கண்ணாடி மேல் எமரித் தாள் ஒட்டித் தேய்த்து மட்டமாக்குங்கள். தகட்டை நெருக்கும் கிரப் ஸ்க்ரூக்கள் (தலையில்லாத திருகுகள்) நேராக ராமைக் குத்திக்கொண்டிருந்தால், நுனியில் பித்தளை வைத்ததாக மாற்றுங்கள். ராமில் கோடு விழாது. பிறகு எண்ணெய் போட்டு, ராம் தன் எடையில் மெதுவாக இறங்கும் வரை நெருக்கி நிறுத்துங்கள். தடதடவென்று விழுந்தால் தளர்வு. நடுவில் நின்றுவிட்டால் இறுக்கம். இதற்கு மேல் கேஜ் எதுவும் வேண்டாம்.

ஆட்டம் போன பிறகு இன்னொரு சோதனை. ராம் நேராக இறங்குகிறதா? தளத்தின் மேல் மூலைமட்டத்தை நிறுத்தி, டயலை ராமில் பூட்டி, முள்ளை மூலைமட்டத்தின் மேல் வைத்து ராமை ஏற்றி இறக்குங்கள். 50 மி.மீ. தூரத்தில் 0.02-க்கு மேல் முள் ஓடினால் தளம் சரியில்லை. பிரஸ்ஸோடு வரும் வட்டமான, பள்ளம் வெட்டிய அந்தச் சுழல்தட்டு வார்ப்பாக வந்தது; அதை நம்பி எதையும் உட்காரவைக்காதீர்கள். 25 மி.மீ. தடிமன் தகடு ஒன்றை சர்ஃபேஸ் கிரைண்டரில் இருபக்கமும் அடித்து வாங்கி, அதன் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து நேர்செய்து, அடித்தளத்தில் போல்ட் போட்டு நிறுத்திவிடுங்கள். பீன்யாவில் கிரைண்டிங் ஜாப் எடுக்காத சந்து உண்டா?

இனி மாமாவின் பிரஸ்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளும் யோசனைகள். ராமின் மூக்கைக் கழற்றி லேத்தில் முகம் அடித்து, நடுவில் 10 மி.மீ. துளையிட்டு, பக்கத்திலிருந்து ஒரு கிரப் ஸ்க்ரூ வையுங்கள். இப்போது ராம் ஒரு ஹோல்டர் ஆகிவிட்டது. அதில் மாட்டும் டூலை ஓ.எச்.என்.எஸ். என்ற, எண்ணெயில் தோய்த்துக் கெட்டியாக்கும் இரும்பில் செய்து ஹார்டன் பண்ணுங்கள்: 15.8 மி.மீ. விட்டத்தில் ஒரு தோள், அதிலிருந்து கீழே நீளும் 12 மி.மீ. ஊசி. ஊசி புஷ்ஷுக்குள் போய், புஷ்ஷையும் தாண்டி, ஹவுசிங்கின் தடிமனைவிடப் பத்து மி.மீட்டராவது கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். புஷ் துளையைத் தொடும் முன்பே ஊசியின் நுனி கீழே ஹவுசிங்கைத் தாங்கும் ஹோல்டரில் இருக்கும் வழிகாட்டித் துளைக்குள் போய்விடும். விளிம்பு நசுங்குவது அப்போதே நிற்கும், ஏனென்றால் தோள் புஷ்ஷின் முகம் முழுவதையும் ஒரே சமயத்தில் தள்ளுகிறது. இப்போது உங்கள் பையன் தட்டையான ராமால் நேரடியாக அழுத்துகிறான் என்று நினைக்கிறேன். அப்படி அழுத்தினால் ஒரு ஓரம் முன்னால் போகத்தான் செய்யும்.

ஹவுசிங்கை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் அந்த மிதக்கும் ஹோல்டர். ஹவுசிங்கை வைஸில் கடித்து நிறுத்தாதீர்கள். அது உட்காரும் ஹோல்டரைத் தளத்தின் மேல் எல்லாப் பக்கமும் அரை மி.மீ. நகரும்படி விடுங்கள்; மேலே எழாமல் இருக்க ஓரத்தில் இரண்டு தோள் போல்ட் போதும். அப்போது வழிகாட்டித் துளையும் ஹோல்டரோடு சேர்ந்தே நகர வேண்டும், அதைத் தளத்தில் போட்டுவிடாதீர்கள். ஊசி இறங்கும்போது ஹவுசிங்தான் நகர்ந்து வந்து மையம் சேரும். ஹோல்டரின் அடியில் எண்ணெய்ப் படலம் இருக்கட்டும். தூசியும் சீவலும் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சீவல் போதும் எல்லாவற்றையும் சாய்த்துவிட.

ஆழத்துக்கு ஸ்டாப். 7/8 இஞ்சு மரையைத் தேடி அலைய வேண்டாம், எம்22-க்கு 1.5 என்ற நெருக்கமான மரை நமக்குச் சுலபம். தளத்திலிருந்து ஒரு தூண் எழுப்பி, அதன் தலையில் இந்த மரைத் திருகு, லாக் நட். ராமின் பக்கத்தில் போட்ட கிளாம்ப் அதில் வந்து முட்டி நிற்கும். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ.; திருகின் தலையில் 30 கோடு போட்டால் ஒரு கோட்டுக்கு 0.05. நிற்கும் இடம் கெட்டியாக இருக்க வேண்டும், ஆனால் ஸ்டாப்பில் முட்டிய பிறகும் பையன் தொங்கக் கூடாது. முட்டிய சத்தம் கேட்டால் கை விடுவது என்று பழக்குங்கள்.

உருளைக் கைப்பிடியைப் பற்றி மாமா சொல்வது முழுக்கச் சரி. குண்டு வைத்த கைப்பிடியில் உள்ளங்கை ஒவ்வொரு இழுப்புக்கும் உரசும். நாள் முழுக்க வேலை செய்கிறவனின் மணிக்கட்டுக்கு அது தெரியும். 40 மி.மீ. நைலான் உருளையில் இரண்டு 6201 பேரிங்கை அழுத்தி, 12 மி.மீ. போல்ட்டில் மாட்டினால் முடிந்தது. கைப்பிடியின் நீளம் பழையதாகவே இருக்கட்டும். எஸ்.ஜே.பி. ரோட்டில் பேரிங், எஸ்.பி. ரோட்டில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, ஒரே நடையில் இரண்டும் வாங்கிவிடலாம். விளக்கை ஃபிரேமின் வாய்க்குள் பசை நாடாவால் ஒட்டுங்கள், நிழல் விழாத கோணத்தில். புஷ் துளையின் வாயில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்தாலே பாதிக் கழிவு குறையும்.

ராம் தானாக மேலே போக ஸ்பிரிங் வைப்பதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. வேகம் கூடும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கின் இழுப்பும் கைக்கு வரும் உணர்வில் கலந்துவிடும். கைப்பிடியின் பின்பக்கம் ஒரு எதிர் எடை போட்டால் அதே பயன், உணர்வும் சுத்தமாக இருக்கும். சி ஃபிரேம் வாய் திறப்பதைக் குறைக்க முன்னால் இரண்டு தடித்த தண்டுகள் போட்டு ஓ மாதிரி மூடிவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். ரீலோடிங் பிரஸ்களில் கெட்டியானவை ஓ ஃபிரேமில் வருவதற்கும் அதுதான் காரணம். சுமை இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும், ராம் சாயாது. உங்கள் 250 கிலோவுக்கு அது தேவையில்லை. இடம் அடைக்கும், ஹவுசிங் வைத்து எடுக்கக் கஷ்டம்.

மோட்டாரோ காற்று சிலிண்டரோ வைத்து ஓட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்துக் கேட்பீர்கள். அப்படிச் செய்தால் அது வேறு எந்திரம். கையால் இழுக்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்கிறது, அதுவே பாதிப் பாதுகாப்பு. அதை எடுத்துவிட்டால் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் ஓடும் பொத்தான், விரல் போக முடியாத மூடி இரண்டும் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. அந்தச் செலவுக்கு ஒழுங்கான நியூமேட்டிக் பிரஸ்ஸையே வாங்கிவிடலாம்.

மாமாவுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். விளக்கு, உருளை, தட்டு, மேசைத் தாங்கி வரை அவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். தட்டினால் வெடிக்கும் பிரைமர் போகும் பாதையையும், வெடிமருந்து விழும் அளவைக் கண்ணால் பார்க்கிற இடத்தையும் மட்டும் கம்பெனி செய்தபடியே விட்டுவிடட்டும். அங்கே வேகத்துக்காகச் செய்யும் மாற்றம் கை உணர்வையும் கண்ணையும் கட்டிப்போடும் மாற்றம்தான்.

பிரஸ்ஸை விட்டு வெளியே வந்தால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரிகிறது. ஹவுசிங்கை ஹாட் பிளேட்டில் வைத்து அறை வெப்பத்தைவிட 80 டிகிரி கூட்டினால், அதாவது 105, 110 அளவுக்கு, 16 மி.மீ. துளை 0.029 மி.மீ. பெரிதாகும். மேலே சொன்ன அதிகபட்சப் பிடிமானமும் அதே 0.029. சூடான ஹவுசிங்கில் புஷ் கிட்டத்தட்டக் கையாலேயே இறங்கிவிடும், பிரஸ் சும்மா தள்ளிக்கொடுத்தால் போதும். கையுறை வேண்டும், வேகமும் வேண்டும். தயங்கினால் புஷ் பாதியில் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு ஐம்பது அறுபது ஹவுசிங் என்றால் இது போதும். ஐந்நூறு என்றால் பிரஸ்ஸை நேர்செய்வதுதான் வழி.

எந்த வழியில் ஏற்றினாலும் துளையின் வாயில் 15 டிகிரி சரிவில் ஒரு மி.மீ. சேம்பர், அதாவது விளிம்பைச் சரித்த வெட்டு, வேண்டும். துளையை அளவுக்குச் சீவும் ரீமர் விட்டுவிட்டுப் போன பிசிறைக் கையால் தடவி எடுத்தாலே போதும் என்று விடாதீர்கள். புஷ்ஷின் நுனியிலும் அதுபோல ஒரு சரிவு இருக்க வேண்டும், சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக உள்விட்டம். புஷ் ஏறியதும் வெளியே நெருங்கும் அளவில் பெரும்பகுதி உள்ளே சுருங்கும், 12 மி.மீ. துளை 11.99 ஆகி ஷாஃப்ட் போகாமல் திரும்பி வரும். உடனே எல்லோரும் ரீமரை எடுக்கிறார்கள். கெட்டி வெண்கலம் என்றால் சரி. உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த, எண்ணெய் ஊறிய சின்டர் புஷ் என்றால் ரீமர் போடவே கூடாது. வெட்டும் விளிம்பு துவாரங்களை இழுத்து மூடிவிடும், பிறகு எண்ணெய் எங்கிருந்து கசியும்? அதற்குத்தான் அந்த ஊசியை நன்றாக பாலிஷ் பண்ணி, வேண்டிய அளவைவிட மயிரிழை கூடுதலாக வைக்கச் சொல்கிறேன். புஷ் சுருங்க முயலும்போது ஊசி உள்ளே நின்று அளவைப் பிடித்துக்கொள்ளும். மயிரிழை என்பது உங்கள் புஷ்ஷுக்கு எவ்வளவு என்பதைக் கழிவு ஹவுசிங்குகளில் ஏற்றிப் பார்த்து, அளவு சரியென்றால் ஒரு முனை போய் மறுமுனை போகாத கோ, நோகோ பிளக் கேஜ் போட்டு, ஊசியை இரண்டு மைக்ரான் மூன்று மைக்ரானாகக் குறைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் முதல் ஊசியைக் கொஞ்சம் பெரிதாகவே கிரைண்ட் பண்ணிக் கேளுங்கள்.